சைக்கிள் பாதைக் கம்பமும் மஞ்சள் ஹெல்மெட்டும்

என் 1988-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஜூலை இரண்டாவது திங்கட்கிழமைப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை 8.02. மனைவி புதிய சைக்கிள் பாதையில் மின்கம்பத்தின் மீது மோதினாள். இடது புருவத்துக்கு மேல் காயம். சைக்கிளின் முன்சக்கரம் வளைந்துவிட்டது. கம்பத்துக்குச் சேதமில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியதற்காக அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. தலையில் கட்டுடன் உட்கார்ந்திருந்தவள் நாட்குறிப்பை எடுத்துப் படித்துவிட்டு, "கம்பத்தோட ஆரோக்கியத்தை விசாரிச்சிருக்கீங்க, சந்தோஷம். ஒரு ஆப்பிள் வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள்.

நாங்கள் அப்போது சிட்லபாக்கத்தை ஒட்டி, ஏரிக்கு அருகே ஒரு காலனியில் குடியிருந்தோம். காலனியிலிருந்து பெரிய சாலை வரை ஒரு இணைப்புச் சாலை உண்டு. அதில் ஜல்லி லாரிகள் விரைந்து போகும். சைக்கிள்காரர்களுக்குத் தனியாக ஒரு வழி வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் நாலைந்து வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மனு எழுதும் வேலை என்னுடையது. அந்த ஜூலை மாதத்தில் பாதை வந்தேவிட்டது. சிமென்ட் பாதை, அகலம் நான்கு அடி. சாலைப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசை. மறுபக்கம் மழைநீர் ஓடும் கால்வாய். எல்லாம் சரிதான், பாதையின் முக்கால் தூரத்தில், ஒரு வளைவைத் தாண்டியதும், நட்டநடுவில் ஒரு மின்கம்பம் நின்றது.

பாதை போட்டவர்கள் ஓர் அலுவலகம். கம்பம் நட்டவர்கள் வேறோர் அலுவலகம். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. பாதை போட்டவர்கள் கம்பத்தைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கம்பத்தின் அடியைச் சுற்றி மிக அழகாக வட்டம் விட்டு சிமென்ட் பூசியிருந்தார்கள். "சைக்கிள்கள் மட்டும்" என்ற தகரப் பலகையை அந்தக் கம்பத்தில்தான் மாட்டியிருந்தார்கள். பாதை திறந்த அன்று நல்வரவுத் துணி கட்டவும் அந்தக் கம்பமே உதவியது. துணியின் ஒரு முனையை அதிலும், மறுமுனையைக் கால்வாய்க்கு அப்பாலிருந்த ஒரு வேலிமரத்திலும் கட்டினார்கள். மூன்றாம் நாள் மரத்துப் பக்கம் முடிச்சு அவிழ்ந்து, துணி கம்பத்தின் மேல் போர்வைபோல் விழுந்து கிடந்தது. அன்றுதான் முதல்முறை அந்தப் பாதையில் போய் வளைவு திரும்பிய என் மனைவிக்கு ஏதோ துணி தொங்குவது தெரிந்திருக்கிறது. விலக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருக்கிறாள். ஆக, அவள் மோதியது நல்வரவின் மேல்தான்.

தாம்பரத்தில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் மூன்று தையல் போட்டார். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "மூளை கொஞ்சம் குலுங்கியிருக்கு. ஒரு வாரம் ரெஸ்ட். ஆனா இதே மாதிரி இன்னொரு தடவை அடிபட்டா நான் சிரிச்சுக்கிட்டுப் பேச மாட்டேன்" என்றார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

"சைக்கிளை விட்டுடலாமே" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"விட்டுட்டு?"

அவள் கணக்கு ஆசிரியை. பதினோரு வருடங்களில் நான்கு பள்ளிகளில் தற்காலிக வேலை பார்த்தவள். ஜூனில் எடுப்பார்கள், ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு நிரந்தர இடம் காலியாக இருந்தது. அதற்கு இரண்டு தற்காலிக ஆசிரியைகள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நிர்வாகக் குழு முடிவு செய்யும். வயது வரம்பு அவளுக்கு அந்த வருடத்தோடு முடிந்தது. அடுத்த ஜூன் என்று ஒன்று இல்லை. பள்ளியில் மணி எட்டரைக்கு. அதற்கு மேல் வந்தால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு. மூன்று சிவப்புக் கோடு விழுந்தவர்களின் பெயர் குழுவின் முன் போகாது. ஜூன் மாதம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு கோடு விழுந்திருந்தது. அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பேருந்து கிடையாது. வீட்டு வேலை முடித்துவிட்டு நடந்து போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

சாலையிலேயே ஓட்டலாம் என்றால், பாதை வந்த பிறகு அது முன்பைவிட ஆபத்தாகிவிட்டது. முன்பு லாரிக்காரர்கள் சைக்கிளைப் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்குவார்கள். இப்போது ஒதுங்குவதில்லை. கிளீனர் தலையை வெளியே நீட்டி, "ஒனக்குன்னு தனியா பாதை போட்டுக் குடுத்தும் இங்க இன்னா வேலை?" என்று கத்துவான். இரண்டு நாள் நானே சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் பாதைக்கே வந்துவிட்டேன்.

எனவே தலைக்குக் கவசம் தேவைப்பட்டது. வெளிநாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தெர்மாகோல் போன்ற நுரைத்தக்கையால் செய்த இலேசான ஹெல்மெட் போடுவதை நூலகத்தில் ஒரு பத்திரிகைப் படத்தில் பார்த்திருந்தேன். தாம்பரம் கடைத்தெருவில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"மோட்டாரே இல்லாத வண்டிக்கு ஹெல்மெட்டா? அப்ப மாட்டு வண்டிக்கு இன்னா சார் குடுக்கிறது? மாட்டுக்கு ஒண்ணு, ஓட்றவனுக்கு ஒண்ணா?"

பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை வாங்கி வந்து போட்டுப் பார்த்தோம். கொண்டையோடு உள்ளே போகவில்லை. கொண்டையை அவிழ்த்தால் போயிற்று, ஆனால் பிறகு தலை திரும்பவில்லை. "நீங்க ஏதோ சொல்றீங்கன்னு தெரியுது, என்னன்னு கேக்கல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிரச்சினையைத் தீர்த்தவர் அவள் தம்பி. பம்மலில் லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறைச் சகவாசத்தில் வீட்டுப் பேச்சு முழுக்க மாறிப்போனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் சுற்றிய ஒரு பொருளோடு வந்தார். பிரித்தால், கட்டட வேலைக்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் போடும் மஞ்சள் ஹெல்மெட்.

"அக்கா, இத்தப் போட்டுக்கோ. மேலருந்து செங்கல் வுழுந்தாகூட ஒண்ணும் ஆவாது."

"மேலருந்து ஒண்ணும் விழலடா. நான்தான் நேராப் போய் முட்டினேன்."

"கம்பத்துல தானக்கா? அத்த இப்டி குனிஞ்சுகினு முட்டு, தாங்கும்" என்று தலையைக் குனிந்து செய்து காட்டினார்.

உள்ளே தலைக்குத் தக்கபடி இறுக்கிக்கொள்ள ஒரு பட்டை இருந்தது. அதன் பின்பக்கத்தை நான் சற்று வெட்டி, கொண்டைக்கு வழிவிட்டேன். தாடைக்குக் கீழே கட்ட ரிப்பன் தைத்தாள். கண்ணாடி முன் நின்று நீண்ட நேரம் பார்த்தாள். "பூ?" என்றாள். அது உண்மையில் ஒரு சிக்கல்தான். வெள்ளிக்கிழமைகளில் பூ வைக்காமல் அவள் பள்ளிக்குப் போனதில்லை. ஹெல்மெட்டுக்குள் வைத்தால் நசுங்கும். கடைசியில் மல்லிகைச் சரத்தை ஹெல்மெட்டின் விளிம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். இது வேடிக்கைக்காகச் செய்தது அல்ல. வேறு வழி இல்லை.

முதல் நாள் அவள் போனபோது பாதையோரத்து டீக்கடையில் பேச்சு நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். பள்ளியில் தலைமையாசிரியை, "என்ன டீச்சர், மேல ஏதாவது கட்டடம் கட்டறாங்களா? எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றாராம். ஆனால் ஒரு வாரத்துக்குள் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் மரியாதை. கைத்தறிப் புடவை, கைக்கடிகாரம், கைப்பிடிக் கூடையில் நோட்டுக் கட்டு, தலையில் மஞ்சள் ஹெல்மெட். அவளை மின்சார அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இன்ஜினியர் அம்மா என்று எங்கள் காலனிக்கு வெளியே இருந்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். வழியில் நிறுத்தி, "மேடம், எங்க தெருவுல ராத்திரியானா பல்பு மெழுகுவத்தி மாதிரி எரியுது" என்று சொன்னார்கள். அவள் நான் டீச்சர் என்று விளக்குவாள். "அது சரி மேடம், கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்பார்கள்.

இதற்கிடையே நான் கம்பத்துக்காக இரண்டு அலுவலகங்களுக்கும் மனு கொடுத்திருந்தேன். பாதை அலுவலகத்தில், கம்பம் எங்களுடையது அல்ல என்றார்கள். கம்ப அலுவலகத்தில், பாதைதான் கம்பத்திடம் வந்தது, கம்பம் பாதைக்கு வரவில்லை என்றார்கள். இரண்டுமே உண்மை. மனுவை மட்டும் இரண்டு இடத்திலும் வாங்கிக்கொண்டார்கள்.

அதுவரை கம்பம் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படியாவது செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. ரயில்வே கேட்டிலும் பாலங்களிலும் எச்சரிக்கைக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காலனியில் பல வீடுகளுக்கு வெள்ளையடித்த ஒருவரைக் கூப்பிட்டேன். கம்பத்துக்கு ஆள் உயரத்துக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும் என்றேன்.

"பட்டை தானே சார்? இந்தச் சுத்துவட்டாரத்துல கோயில் மதில் பூரா நம்ம கைதான். நீங்க ஆபீசுக்குப் போய்ட்டு வாங்க, சாயங்காலம் பாருங்க."

அவர் சொன்னதில் எச்சரிக்கை இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை. பட்டை குறுக்காக வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். மாலை ரயிலிலிருந்து இறங்கி சைக்கிளில் வந்தபோது பார்த்தேன். காவியும் சுண்ணாம்பும் மாறி மாறி, மேலிருந்து கீழாக, நூல் பிடித்ததுபோல் நேர்ப்பட்டைகள். மிச்சமிருந்த சுண்ணாம்பை வீணாக்க மனமில்லாமல், அடியிலிருந்த சிமென்ட் வட்டத்துக்கும் ஒரு கரை போட்டிருந்தார்.

மறுநாள் காலை அவரைப் பிடித்து, "என்னங்க இது?" என்றேன்.

அவர் கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கு முகம் வாடிவிட்டது. "கோடு ஒண்ணாச்சும் கோணிக்கினு கீதா சார்? காட்டுங்க பாக்கலாம்."

ஒரு கோடும் கோணவில்லை. அடுத்த ஞாயிறு குறுக்கே அடித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் அது ஆடி மாதம். ஞாயிறு வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை கம்பத்தின் அடியில் ஓர் எலுமிச்சம்பழம் இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவி வைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை மஞ்சள் துணி. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிரஷ்ஷும் வாளியுமாகப் போனபோது, மூன்று பெண்கள் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையடிக்கிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அவரைப் பார்த்தேன். "சார், இனிமே என்னால கை வைக்க முடியாது. வேணும்னா வருசா வருசம் புதுசா அடிச்சுத் தரேன்" என்றார்.

டீக்கடைக்காரர் அங்கே நிலம் வைத்திருந்த பழைய கிராமத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பாதைக்கு அப்பால், கால்வாயைத் தாண்டி அவர் இடம். கம்பத்துக்குத் தானே தர்மகர்த்தா ஆகிவிட்டார். அவரிடம் போய்ப் பேசினேன்.

"சாமி தானா வந்திருக்கு சார். வேணாங்கறதுக்கு நாம யாரு?"

"தானா வரலைங்க. நான்தான் பட்டை அடிக்கச் சொன்னேன்."

அவர் டீயை ஒருமுறை ஆற்றி முடித்தார். பிறகு, "அந்த புத்திய உங்களுக்குக் குடுத்தது யாரு சார்?" என்றார். ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் கம்பத்தைச் சுற்றிச் செங்கல் மேடை வந்தது. ஒரு சூலம் வந்தது. பாதையில் முன்பு கம்பத்தின் இரு பக்கமும் ஒன்றரை அடியாவது இருந்தது. இப்போது முக்கால் அடி. சைக்கிளில் வருகிறவர்கள் வளைவுக்கு முன்பே இறங்கி, செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, சைக்கிளைக் கல் வரிசைக்கு மேலே தூக்கி, சாலையில் லாரி வராத நேரமாகப் பார்த்து அந்தப் பக்கம் இறக்கி, மீண்டும் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பம் தெய்வமான பிறகு அதில் ஒருவர்கூட மோதவில்லை.

ஆனால் நேரம் போயிற்று. ஆடி மூன்றாம் வெள்ளி அங்கே கூழ் ஊற்றினார்கள். பாதை முழுக்க அண்டாவும் வரிசையும். கூழ் வாங்காமல் போகக்கூடாது என்று ஓர் அம்மாள் என் மனைவியின் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கு எட்டு முப்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டாவது சிவப்புக் கோடு. "மூணாவது விழுந்துட்டா நான் நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது டீச்சர்" என்றாராம் தலைமையாசிரியை. அன்று வீட்டுக்கு வந்தவள் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, கூழ்ச் சொம்பை மேசையில் வைத்தாள்.

"குடிங்க" என்றாள். "என் வேலையோட விலை. நல்லாத்தான் இருக்கு."

ஆடிக் கடைசி வெள்ளிக்கு நாங்கள் எச்சரிக்கையாக இருந்தோம். கூட்டம் இருக்கும் என்று தெரியும். அதனால் அரைமணி நேரம் முன்னதாகவே இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினோம். கல் வரிசைமேல் அவள் சைக்கிளை நான் தூக்கிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. வளைவைத் தாண்டியதும் எங்கள் திட்டம் பாழாயிற்று. கூழ் வரிசை ஒரு பக்கம். அதற்கு நடுவே மின்சார அலுவலகத்து வண்டி ஒன்று, ஏணி, கடப்பாரை, கயிறு. காக்கிச் சட்டைக்காரர்கள் நான்கு பேர். சாலையையும் சேர்த்து அடைத்துக்கொண்டு ஜனம். லாரிகள் இருபுறமும் நின்று ஹாரன் அடித்தன. தூக்கிப் போகக்கூட வழியில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றோம்.

காக்கிச் சட்டைக்காரர்களில் மூத்தவர் ஒரு காகிதத்தைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "கம்பத்த மாத்தி நடணும்னு ஆர்டர் கீது. என்னாண்ட சண்ட போட்டா நான் இன்னா பண்றது?"

டீக்கடைக்காரர் மேடையின்மேல் நின்றார். "வெள்ளிக்கெழம காலைல சாமியப் புடுங்க வந்தியா நீ? கைய வெச்சுப் பாரு. வெளங்காமப் போய்டும்!"

"அது கம்பம்யா!"

"நேத்து வரைக்கும் கம்பம்!"

எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மனு கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆளை அனுப்பிவிட்டார்களே என்று நினைத்தேன். என் மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். அங்கிருந்து பள்ளிக்குப் பன்னிரண்டு நிமிட மிதி.

அப்போது மூத்தவர் திரும்பி அவளைப் பார்த்தார். மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தார். அதைச் சுற்றிய மல்லிகைச் சரத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் சிறு குழப்பம் வந்து போயிற்று. கையிலிருந்த பீடி கீழே விழுந்தது.

"தோ, மேடமே வந்துட்டாங்க" என்றார்.

கூட்டமும் திரும்பியது. "இன்ஜினியர் அம்மா!" என்று இரண்டு மூன்று குரல்கள். வழி விட்டார்கள். கம்பம் வரைக்கும் மட்டும்தான் விட்டார்கள். அதற்கு அப்பால் அண்டா.

அவள் வாயைத் திறந்தாள். "நான் வந்து—" என்று ஆரம்பித்தாள். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வகுப்பறைக் குரலில், "லைன் ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்றாள்.

இதை அவள் ஏன் கேட்டாள் என்று பிறகு விசாரித்தேன். வீட்டில் பல்பு மாற்றும்போது நான் மெயினை அணைத்தேனா என்று அவள் எப்போதும் கேட்பாள், அந்தப் பழக்கம் என்றாள். ஆனால் மூத்தவர் முகம் வெளிறிப்போயிற்று. ஏணியில் பாதி ஏறியிருந்த ஆளைப் பார்த்தார். "டேய், எறங்குடா! ஓடு, போய் ஆஃப் பண்ணிட்டு வா!" ஒருவர் ஓடினார். அந்தக் கணத்துக்குப் பிறகு அங்கிருந்த யாருக்கும் அவள் அதிகாரத்தில் சந்தேகம் இல்லை. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"எங்க நடப் போறீங்க?"

"நீங்க சொல்ற எடத்துல மேடம்."

அவள் கால்வாய்க்கு அப்பால் கையை நீட்டினாள். டீக்கடைக்குப் பக்கத்தில், வேலிமரத்தடியில். "அங்க."

"எங்க எடத்துலயா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆமாங்க. இங்க பாருங்க, நடுவழியில லாரிப் புழுதியில சாமி நிக்குது. சைக்கிள்காரங்க அது முன்னாடியே சக்கரத்தைத் தூக்கிட்டுப் போறாங்க. நல்லாவா இருக்கு? உங்க எடத்துல, மர நிழல்ல நின்னா நாலு பேரு உக்காந்து கும்பிடலாம்."

டீக்கடைக்காரர் கம்பத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மரத்துக்கும் தன் கடை பெஞ்சுக்கும் இடையிலிருந்த தூரத்தையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். மேடையிலிருந்து இறங்கினார். "அம்மனே வந்து சொன்ன மாதிரி சொல்லிட்டீங்க. தலையில பூ வேற" என்று கும்பிட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "யாரும் பேசக் கூடாது. சாமிக்கு எடம் மாத்தறோம். கூழ் அண்டாவை அந்தாண்ட தூக்குங்க!"

அண்டா நகர்ந்தது. வழி கிடைத்தது. மணி எட்டு பதினேழு. அவள் சைக்கிளில் ஏறினாள். மூத்தவர், "மேடம், கையெழுத்து?" என்று காகிதத்தை நீட்டியபடி இரண்டு அடி கூடவே ஓடினார்.

"உங்க ஆபீஸ்ல வாங்கிக்குங்க" என்றாள் அவள், திரும்பாமல் மிதித்தபடி.

எட்டு முப்பதுக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். நீல மை. அவள் அந்தக் காலையில் பேசியவற்றை நான் ரயிலில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் எழுதி வைத்தேன். தான் மின்சார அலுவலகத்தைச் சேர்ந்தவள் என்று அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இடம் காட்டினாள், அவ்வளவுதான். இதை அவளிடம் சொன்னபோது, "பிற்பாடு போலீஸ் வந்தா இதைப் படிச்சுக் காட்டுவீங்களா?" என்றாள். போலீஸ் வரவில்லை. மாலையில் நான் திரும்பியபோது கம்பம், பட்டைகளோடும் மஞ்சள் துணியோடும், மரத்தடியில் நின்றது. பழைய இடத்தில் ஈரமான சிமென்ட்.

காலாண்டுத் தேர்வு முடிந்து அக்டோபரில் நிர்வாகக் குழு கூடியது. நிரந்தர இடம் அவளுக்குக் கிடைத்தது. உத்தரவைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனவள் நீண்ட நேரம் வெளியே வரவில்லை. அந்தப் பள்ளியில்தான் அவள் ஓய்வு பெறும் வரை இருந்தாள்.

பாதை அவ்வளவு நாள் தாங்கவில்லை. கம்பம் போனதும் ஸ்கூட்டர்களும் மொபெட்களும் அதில் ஏறின. பிறகு கால்வாய் மூடிகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன. 1991 மழைக்காலத்தில் ஒரு பகுதி சரிந்தது. 1994 வாக்கில் சாலையை அகலப்படுத்தியபோது பாதை அதற்குள் போய்விட்டது. நாங்கள் அதற்குள் சாலைக்கே திரும்பியிருந்தோம், அவள் அதே ஹெல்மெட்டோடு.

ஒன்றை மட்டும் எழுதியாக வேண்டும். கம்பம் மாறி இரண்டு வாரம் கழித்து, காலனிக்கு அடுத்த தெருவிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் வீட்டு கேட்டுக்கு நேரே ஒரு மின்கம்பம் நிற்கிறதாம். ஒன்றரை வருடம் அலைந்து, அதை மாற்ற உத்தரவு வாங்கியிருக்கிறார். ஆடிக் கடைசி வெள்ளியன்று ஆள் வரும் என்றார்களாம். காத்திருந்தாராம். வரவில்லை. அலுவலகத்தில் போய்க் கேட்டால், கம்பம் மாற்றியாகிவிட்டது என்று பதிவாகியிருக்கிறது என்கிறார்களாம். "நான் டீச்சருங்க" என்றாள் என் மனைவி. அவர் ஆணியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இப்படிச் சொன்னா எப்படி மேடம்?" என்றார். அவருக்குப் புதிதாக ஒரு மனு நான் எழுதிக் கொடுத்தேன். கம்பம் மாறாமலே அவர் அடுத்த வருடமே வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மூத்தவர் கையில் ஆட்டிய காகிதத்தை நான் நெருங்கிப் பார்க்கவில்லை. என் மனுவுக்கு எழுத்தில் பதில் எதுவும் வந்ததில்லை. கம்ப அலுவலகத்துக்கு மூன்று முறை போய்ப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். முதல் முறை ஆள் இல்லை, இரண்டாம் முறை சாவி இல்லை, மூன்றாம் முறை அலுவலகமே வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. எங்கள் கம்பத்தை மாற்ற உத்தரவு என்று ஒன்று இருந்ததா, அல்லது அந்த அடுத்த தெருக்காரருடைய உத்தரவைத்தான் நாங்கள் செலவழித்துவிட்டோமா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.